சிவப்புப் பக்கம் மேலே இருந்த பதினொரு அட்டைகள்

என்றும் மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவது முறை. எழுதிவிட்டேன். என் இடுப்பை விட்டுவிட்டால் அது உண்மையும்கூட. உங்கள் நலனும் அக்காவின் நலனும், கடை ஷட்டர் இப்போதாவது ஒரே இழுப்பில் ஏறுகிறதா என்பதும் அறிய ஆவல். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நான் வாயைத் திறப்பதற்குள் "அன்னிக்கே சொன்னேன்" என்பாள். அன்றைக்கே சொன்னாள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த, ஒரு கால் ஆடுகிற அந்த ஸ்டூல் இன்னும் காலியாக இருக்கிறதா? இருந்தால் அதை எனக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் கடை வாசலில் நின்றுகொண்டு, "நட்டையும் போல்ட்டையும் தேடிக்கிட்டே சாக மாட்டேன், இனிமே மனுஷ உடம்பை நிமித்தப் போறேன்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் நான் பேசியது ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் ஃபேன் பெல்ட் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அது புது பெல்ட். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. அந்தப் பேச்சு மொத்தத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

என்னதான் ஆச்சு என்று கேட்பீர்கள். யோகா ஆசிரியர் பயிற்சியில் உடம்பை வளைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை அத்தான், எப்படியோ வளைந்துவிட்டது. கடைசி வாரம் 'புதிய ஆசிரியரின் தொழில் ஒழுக்கமும் தொழில் வளர்ச்சியும்' என்று ஒரு பாடம் வைத்து, எழுபத்திரண்டு பக்கத்தில் ஸ்பைரல் போட்ட கையேடு ஒன்று கொடுத்தார்களே, அங்கேதான் பிடித்தது சனி. கூடப் படித்தவர்கள் எல்லாம் அதைப் பையில் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் ஒருத்தன்தான் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் உங்கள் கடையில் வந்த பழக்கம். பார்ட் நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் வண்டி கிளம்பாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள், அச்சில் இருந்தால் அது அப்படித்தான் என்று நம்பிவிடுகிறேன்.

புது ஆசிரியர் தன்னை நாலு பேருக்குத் தெரியப்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்குக் கடினமான ஆசனத்தில், முகம் மலர ஒரு புகைப்படம் வேண்டும் என்று பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. நம் தெருமுனை ஸ்டூடியோக்காரரிடம் போனேன். அவர் பாஸ்போர்ட் படம் எடுத்தே பழகியவர். நான் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைப் பின்னால் தூக்கிப் பிடித்து வளைந்து நிற்கிறேன், அவர் "காது ரெண்டும் தெரியணும் சார், கொஞ்சம் நேராப் பாருங்க" என்கிறார். லைட் சரியில்லை என்றார், பிறகு கண்ணை மூடிவிட்டேன் என்றார், பிறகு ஒரு போன் வந்தது என்று பேசப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் என் இடுப்பில் டக் என்று ஒரு சத்தம். அந்த நேரத்தில்தான் க்ளிக் செய்தார். முகம் மலர்ந்துதான் இருக்கிறது, ஆனால் அது எந்த வகை மலர்ச்சி என்று பார்ப்பவர்களுக்குப் பிடிபடவில்லை. கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து தினமும் இருநூறு முகம் பார்க்கிற என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்துட்டு ஆள் வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்" என்று சொல்லி மேஜை டிராயரில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இடுப்பு இடுப்பாக இல்லை. ஆனால் முப்பத்தோராம் பக்கம் என்ன சொல்கிறது? ஆசிரியர் தன் சொந்த வலியை வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. எனவே சட்டைக்குள்ளே அகலமாக ஒரு இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வலியை வெளியே செருப்போடு விட்டுவிட்டு வந்தவன் மாதிரி போய் வந்தேன். அதற்குள் ஒரு யோகா மையத்தில் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாதக் கடைசியில் உரிமையாளர் அம்மா பின்னால் உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பார்ப்பார், அன்றைக்கு அவர் நோட்டில் என்ன எழுதுகிறாரோ அதுதான் என் தலையெழுத்து. நிரந்தரமா இல்லையா என்பது அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் இதுவும் போனால் இன்னொரு இடத்தில் யார் என்னைச் சேர்ப்பார்கள் என்று தினமும் சவரம் செய்யும்போது நினைத்துக்கொள்வேன்.

வகுப்பு நடப்பது மாடியில். கீழே நாற்காலி மேஜை செய்கிற பட்டறை. மேலே நான் "அமைதியை உணருங்கள்" என்று சொல்லும் நேரம் பார்த்துத்தான் கீழே ரம்பம் ஓடும். மொத்தம் பதினோரு பேர். அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், நான் ஒரு நிமிஷம் பிந்தினால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். பல் டாக்டர் அம்மா ஒருவர். பஸ் டிரைவர் ஒருவர், படுக்கச் சொன்னால் படுத்த நிமிஷமே தூங்கிவிடுவார், எழுப்பினால் "எந்த ஸ்டாப்பு" என்பார். ஆசிரியர் எதிரே நிற்பதால் அவர்களுக்கு வலது என்றால் நாம் இடது கையைத் தூக்க வேண்டும், இது ஒரு விதி. மூன்று மாதம் இப்படித் தூக்கித் தூக்கி எனக்கே எது எது என்று குழம்பிப்போச்சு. தெருவில் ஒருவர் தபால் ஆபீசுக்கு வழி கேட்டார், வலது பக்கம் திரும்புங்கள் என்று இடது கையைக் காட்டினேன். அரைமணி கழித்து அதே ஆள் வியர்த்து ஒழுகத் திரும்பி வந்து, என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டிலும் நிம்மதி இல்லை. சாமான் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் வாய் தவறி "மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். "என் மூச்சை நான் பாத்துக்கறேன், நீங்க அந்தப் பக்கெட்டைத் தூக்கி வைங்க" என்றாள். பக்கெட்டைத் தூக்குகிற இடுப்பா அது?

இப்போது அட்டைக்கு வருகிறேன், எல்லா வினையும் அதில்தான். மாணவரைக் கேட்காமல் தொட்டு அவர் ஆசனத்தைத் திருத்தக் கூடாது என்பது கையேட்டில் தலையாய விதி, அது நியாயமும்கூட. அதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் சிவப்பு. விரிப்பின் தலைமாட்டில் பச்சை மேலே இருந்தால் தொட்டுத் திருத்தலாம், சிவப்பு மேலே இருந்தால் தொடக் கூடாது. சிவப்பு வைத்தவரிடம் ஏன் என்று எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது, முகத்திலும் கேட்கக் கூடாது. நான் கடையை விட்டு வந்தபோது என் சாமான்களைப் போட்டு எடுத்து வந்த ஆயில் ஃபில்டர் பெட்டியை வெட்டி, வர்ணம் அடித்துப் பதினோரு அட்டை செய்தேன். பச்சையைத் தாண்டி உங்கள் பார்ட் நம்பர் லேசாகத் தெரியும். தலைமையாசிரியை அதைத் தன் சேர்க்கை எண் என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

முதலில் எல்லோரும் பச்சைதான் வைத்தார்கள். அது நல்ல விஷயமாம், நம்பிக்கை என்று அர்த்தமாம். ஆனால் பதினோரு பச்சை என்றால் ஒரு வகுப்பில் பதினோரு பேரிடமும் நாலு நாலு தரம் குனிந்து நிமிர வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குனிவதுகூடப் பரவாயில்லை, நிமிரும்போதுதான் உயிர் போகும். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்து, அவர்கள் குதிகாலை ஆராய்வது மாதிரி பாவனை செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். நடுவில் ஒருநாள் பல் டாக்டர் பச்சையை மேலே வைக்க மறந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்து விரிப்பில் இருந்த பஸ் டிரைவர் பாதி ஆசனத்தில் அப்படியே சிலையாக நின்றுவிட்டார். என்னவென்று கேட்டால், "சிவப்பு கண்ணுல பட்டா கால் தானா நின்னுடுது சார், இருபத்தஞ்சு வருஷப் பழக்கம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்படி மூன்று மாதம் இழுத்துப் பறித்துக் கொண்டுவந்தேன். போன வெள்ளிக்கிழமை உரிமையாளர் அம்மா வந்து, பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் நோட்டை விரித்து உட்கார்ந்தார். விதிப்படி நான் கால்மணி முன்னதாகவே வந்து நிற்கிறேன். தலைமையாசிரியை வந்தார், விரிப்பை விரித்தார், அட்டையை வைத்தார். சிவப்பு. சரி, காலையில் வீட்டில் ஏதோ மனஸ்தாபம் போல என்று நினைத்தேன். அடுத்து பல் டாக்டர், சிவப்பு. பஸ் டிரைவரும் சிவப்பை வைத்துவிட்டு, அது கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து, ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்காமல், பதினோரு பேரும் சிவப்பு. பார்த்தீர்களா அத்தான். மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்ததற்கு, இந்த ஆள் எங்களைத் தொடவே வேண்டாம் என்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு, அதுவும் அந்த அம்மா பார்க்கிற நாளில். ஏன் என்று கேட்க முடியாது. விதி. முகத்தையாவது மாற்றாமல் வைத்துக்கொள்வோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலிருந்து வாயாலேயே வகுப்பு எடுத்தேன். முட்டியை இவ்வளவு மடக்குங்கள், தோளைக் காதிலிருந்து இறக்குங்கள் என்று பார்ட் பார்ட்டாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனது. கடைசியில் அந்த அம்மா நோட்டை மூடி, "திங்கக்கிழமை பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். முடிந்தது கதை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாக யோசித்துவிட்டேன். யாருமே தங்கள்மேல் பட விரும்பாத கை இது, இதற்கு ஃபில்டரும் பெல்ட்டும்தான் சரி. அவை கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கு அந்த அம்மா சொல்வதற்கு முன்னால் நானே விலகிக்கொள்கிறேன். ஒன்றாம் தேதி காலையில் வந்து கடையைத் திறக்கத் தயார். ரேக் மாற்றி அடுக்கியிருந்தாலும் இரண்டு நாளில் பழகிவிடுவேன். வாடிக்கையாளர்களிடம் நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொல்ல மாட்டேன், இது சத்தியம். எனக்கு அலுத்துவிட்டது அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. இதை அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம், காட்டினால் பெல்ட் துடைத்ததைப் பற்றிய வரிகளை விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி, அது பலிக்கிறதோ இல்லையோ சொல்வது என் கடமை. உங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,

உங்கள் மைத்துனன்

பி.கு.: இது திங்கட்கிழமை தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது. கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு தபால்தலை வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினால், தலைமையாசிரியை. வெள்ளிக்கிழமை இடுப்பு எப்படி இருந்தது என்றார். எந்த இடுப்பு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசமா எல்லாருக்கும் தெரியும் சார். பல் டாக்டரம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. வலிக்கலைன்னு பொய் சொல்ற முகத்தைப் பாக்கறதுதானே அவங்க பொழப்பு. ஓனரம்மா முன்னாடி நீங்க குனிஞ்சு, நிமிர முடியாம மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? எங்களுக்கெல்லாம் அட்டை குடுத்தீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு வெட்டிக்கலை. அதான் நாங்க எங்களோடதைத் திருப்பி வச்சோம்."

வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டேன். தபால்தலை கொடுக்கிறவர் சில்லறை இல்லாததற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நடுவில் உரிமையாளர் அம்மாவும் போனில் வந்தார். ஒருவரையும் தொடாமல் வாயாலேயே ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்ததை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். நான் நிரந்தரமாம். போதாததற்கு அடுத்த பயிற்சியில் அந்தத் தொழில் ஒழுக்கப் பாடத்தை நானே எடுக்க வேண்டுமாம். எனக்கு இருந்த அலுப்பில் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் ஸ்டூல் வேண்டாம். எட்டுப் பக்கம் எழுதிய கை என்பதால் கிழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் இந்தப் பி.கு.வை மட்டும் படித்தால் போதும். ஆயில் ஃபில்டர் பெட்டி ஒன்று காலியானால் அனுப்பி வையுங்கள், எனக்கு ஒரு அட்டை வெட்ட வேண்டும். மிச்சத்தில் உங்களுக்கும் ஒன்று வெட்டி அனுப்புகிறேன், பெல்ட் துடைக்கிற துணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் நின்று நான் அப்படிப் பேசிய அன்றைக்கு அது உங்களிடம் இருந்திருந்தால் எந்தப் பக்கத்தை மேலே வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும் அத்தான். ஏன் என்று கேட்க மாட்டேன்.