கதவுக்கு முதல் எண்

எங்கள் அலுவலகத்தைப் போல ஒழுங்குமுறை தெரிந்த அலுவலகம் உலகத்தில் இன்னொன்று இருக்க முடியாது. இங்கே நாற்காலியின் உயரம்கூடப் பதவியைப் பார்த்துத்தான் ஏறும். தலைமை எழுத்தரான எனக்கு இதில் தாங்க முடியாத பெருமை.

மேலாளர் அறைக்கு எதிரே இருக்கும் ஆவண அறைக்குப் புதிதாக மின்பூட்டு மாட்டினோம். மேலாளரின் கணினியில் பொத்தானைத் தட்டினால் கதவு மூடும், திறக்கும். அதற்குப் பூட்டுக்கும் கணினிக்கும் ஆளுக்கொரு முகவரி எண் வேண்டும் என்றாள் எங்கள் அலுவலக டெக்னீஷியன்.

"ரெண்டும் ஒரே தெருவுல இருக்கணும் சார், வீட்டு நம்பர் மட்டும் வேற வேற. பூட்டு வரும்போதே ஒண்ணாம் நம்பரோட வந்திருக்கு. மேனேஜர் கம்ப்யூட்டருக்கு ரெண்டு போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, சோதித்துப் பார்க்க அறைக்குள் போனாள். நான் பொத்தானைத் தட்டினேன். கதவு அழகாக மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி இன்னும் வரவில்லை. அது கொள்முதல் பிரிவின் 'கனிவான பரிசீலனையில்' இருந்தது.

அப்போதுதான் மேலாளர் திரையைக் கவனித்தார். முகம் கறுத்துவிட்டது.

"நான் ரெண்டு, கதவு ஒண்ணா?"

"அது வெறும் நம்பர்தான் சார்" என்றேன்.

"இன்னைக்குக் கதவு. நாளைக்கு ஜன்னல் வந்து என் தலைமேல உக்காரும்!"

தம் திருக்கரத்தாலேயே இரண்டை அழித்து ஒன்று போட்டார். அந்த எண் வேறொருவரிடம் இருப்பதாகக் கணினி எச்சரித்தது. "சீனியாரிட்டி தெரியாத மிஷின்" என்று எச்சரிக்கையை மூடினார். நான் பொத்தானைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை.

"நம்பரை யாராவது மாத்துனீங்களா?" உள்ளிருந்து குரல் வந்தது. "திரும்ப ரெண்டு போடுங்க சார், ஒரு நிமிஷ வேலை. நாலு மணிக்குப் பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். சின்னப் புள்ள, கேட்டுலயே நிக்கும்."

மணி மூன்று. மேலாளரின் அறையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. மேலாளர் இரண்டானால் தாம் மூன்றாக வேண்டுமே என்று துணை மேலாளர் கண்கலங்கினார். பூட்டின் எண்ணைக் குறைத்து மேலாளருக்கு மரியாதை செய்யலாம் என்றால், பூஜ்யம் கொடுப்பது பூட்டை இன்னும் மேலே ஏற்றிவிடும். ஐம்பதாம் எண்ணுக்குத் தள்ளலாம் என்றேன். அதைச் செய்யத் தெரிந்தவள் உள்ளே இருந்தாள். கடைசியில், தானாக முன்வந்து எண்ணை விட்டுக்கொடுக்கும்படி பூட்டுக்குக் கடிதம் எழுத ஏகமனதாகத் தீர்மானித்தோம். டீ வந்தது.

"சார், நாலு அடிச்சாச்சு! யாராவது ஸ்கூலுக்காவது போங்களேன்!" கதவு தடதடவென்று அதிர்ந்தது. கூட்டம் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்தது.

நாலேகாலுக்கு மேலாளர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"டெக்னீஷியன் சீட்டு ஏன் காலியா இருக்கு?"

"உள்ள இருக்காங்க சார்" என்றேன்.

"சீட்டுல இல்லையே? விளக்கம் கேளுங்க."

எல்லாரும் எழுந்து போனார்கள். மேலாளரின் கணினி என் முன்னால் திறந்தே இருந்தது. ஒன்றை அழித்து இரண்டைத் தட்ட எனக்கு ஒரு விரல் போதும். அந்த விரலால்தான், பணி நேரத்தில் இருக்கையில் இல்லாதது ஏன் என்று அவளுக்குக் கடிதம் தட்டி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.