டீ பார்ட்டி மெம்பர்

அமெரிக்கா விடுதலை அடைந்ததற்கு அமெரிக்கர்களைவிட அதிகம் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் மலாயாவில், எங்கள் ஊரான கஜா பேராங்கில்தான் இருந்தார். டீக்கடை வைத்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘டீ பார்ட்டி’ அண்ணன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சரித்திரப் பாடத்தைச் சொன்னால் வீட்டில் கேட்க ஆளில்லை. அண்ணன் கேட்பார், டீ ஆற்றிக்கொண்டே. ஒரு மாலை, வரி போட்ட ராஜாவின் மேல் கோபங்கொண்டு அமெரிக்கர்கள் தேயிலையைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டிய கதையைச் சொன்னேன்.

“அதுக்குப் பேரு பாஸ்டன் டீ பார்ட்டி, அண்ணே.”

ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. மலாயா சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கும் தேர்தல் பேச்சு, அண்ணனுக்குப் பார்ட்டி என்றால் கட்சி. அதற்கு விருந்து என்றும் ஒரு பொருள் உண்டென்பது அவருக்குத் தெரியாது.

“டீக்கடைக்காரனுக்குன்னே ஒரு கட்சி இருக்குன்னு யாருமே சொல்லலையே தம்பி! மெம்பர் ஆகணும்னா என்ன செய்யணும்?”

“மெம்பரெல்லாம் இல்லண்ணே. தேயிலையை எறிஞ்சாங்க, அவ்வளவுதான்.”

“அது போதும்லா!”

மறுநாள் பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் போய், கடையின் தேயிலை டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் கோப்பிதான். அண்ணி அவரோடு பேசவில்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் அண்ணன், “மன்னிக்கணும், நான் ஏற்கெனவே டீ பார்ட்டி” என்று கைகூப்பினார்.

பிரஜாவுரிமைக்கு அவர் மனுப்போடும்வரை எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். பிரஜாவுரிமை கிடைக்காதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த அவசரகாலம் வேறு, தெரியாத கட்சியின் பெயரைச் சொன்னால் போலீஸ் வரும். மனு விசாரணைக்கு அலுவலகம் போனபோது துணைக்கு நானும் போனேன்.

நரைத்த மீசை வைத்த மலாய் அதிகாரி, “எந்தக் கட்சியிலாவது இருக்கிறாயா?” என்று மலாயில் கேட்டார்.

“டீ பார்ட்டி, துவான்.”

“அது எங்கே இருக்கிறது?”

“அமெரிக்காவுல.”

எழுந்து விளக்க வாயெடுத்தேன். அதிகாரி என்னைக் கையமர்த்தினார்.

“கட்சி அமெரிக்காவில். பிறகு எதற்கு இந்த நாட்டின் பிரஜாவுரிமை?”

அண்ணன் தன் சந்தை மலாயில் நிதானமாகச் சொன்னார்: “அவங்க பாட்டன் பூட்டனும் என்னை மாதிரி கப்பல்ல வந்தவங்கதான், துவான். கோபம் வந்தப்போ தேயிலையைத்தான் கடல்ல போட்டாங்க. ஒருத்தரும் திரும்பிக் கப்பல் ஏறலை. இதுதான் எங்க ஊருன்னுட்டாங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“நீயும் தேயிலையை எறிவாயா?”

“எறிஞ்சா பெண்டாட்டி என்னை எறிஞ்சிடுவா, துவான்.”

அதிகாரி சிரிக்கவில்லை, மீசை மட்டும் அசைந்தது. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொன்னார். கடையில் தெருமுனைவரை கேட்கும் அண்ணனின் குரல், அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் வெயிலில் நின்றுவிட்டார்.

“தம்பி, இப்போ நான் எந்த ஊருக்காரன்?”

“மலாயாக்காரர், அண்ணே.”

“இன்னொரு தடவை சொல்லு.”

கஜா பேராங் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.