கொட்டடியில் மாமனாரும் மருமகனும்

இரும்புக் கதவு தடாலென்று சாத்திக்கொண்டபோது கொட்டடிக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அவருடைய மாமனார், மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த போர்க்கைதி. கைதி மட்டும் மெழுகுப் பொம்மை.

தீவுக் கோட்டையைச் சுற்றிப்பார்க்க வந்த இடத்தில், போயும் போயும் மாமனாரோடா மாட்டிக்கொள்ள வேண்டும்! அவர் வீட்டு ஃப்ரிட்ஜை மெக்கானிக் ரிப்பேர் செய்து, உள்ளே வைத்த பால் கொதிக்காத குறையாகச் சூடான நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. எதுவானாலும் மெக்கானிக்கின் மனைவி வழியாகத்தான். அவளோ கதவுக்கு அந்தப் பக்கம்.

"பயப்படாதீங்க, காவலாளியைக் கூட்டிட்டு வர்றேன்!" என்ற அவள் குரல் தேய்ந்து மறைந்தது.

மெக்கானிக் பொம்மையைப் பார்த்தார். "அவரைக் கொஞ்சம் நகர்ந்துக்கச் சொல்லுங்க. கதவைத் திறக்கணும்."

"திறக்கத் தெரியுமான்னு கேளுப்பா," என்றார் மாமனார், அவரும் பொம்மையிடமே.

ரோஷத்தோடு மெக்கானிக் கைப்பிடியை இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

"பாத்தியாப்பா? ஃப்ரிட்ஜுக்கும் இதே கைராசிதான்."

வெளியே படகு ஊதியது. மாமனாரின் முகம் வெளுத்தது. "கடைசிப் படகோ என்னவோ! ராத்திரி பூரா இங்கேயா?"

உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். கூப்பிட்டுப் பார்க்கலாமென்று மெக்கானிக் பொம்மையின் தோளில் கால் வைத்து ஏறினார். பொம்மை சரிந்தது. அவர் மாமனார்மேல் பொத்தென்று விழுந்தார். பொம்மையின் தலை உருண்டு வந்து மாமனார் மடியில் நின்றது.

இனி தூது சொல்ல ஆள் இல்லை.

"மாமா! அடி பட்டுடுச்சா?"

மாமனார் தலையைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. இவரைத்தான் நம்ம ஃப்ரிட்ஜுல வெச்சிடாதீங்க. உருகிடுவாரு."

மெக்கானிக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. மாமனாருக்கும் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும் மாமா."

"பால் போனா போகுது. நீங்க வீட்டுப் பக்கமே வராததுதான் மாப்ள எனக்குக் கோவம்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கையில் கதவு திறந்தது. மனைவி ஓடிவந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனாள்.

மெக்கானிக் கைப்பிடியையும் தலையையும் காவலாளியிடம் நீட்டினார். "தப்பா நினைக்காதீங்க, நானே சரி பண்ணிக் கொடுத்துடறேன். படகு போயிடுச்சா?"

"இன்னும் ரெண்டு இருக்குங்க."

"அப்பாடா! உங்க பூட்டு ரொம்பப் பழசு போல. இப்படிச் சிக்கிக்கிச்சே?"

"பூட்டு நல்லாத்தாங்க இருக்கு," என்றார் காவலாளி. "ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேக்கற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு சாவியை வாங்கி வெச்சிக்கிட்டது உங்க வீட்டம்மாதான்."