பரிசத் தட்டில் பாய்ந்தவன்

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இருபத்தொன்பது வயதில் எனக்கு அந்த ஆசை ஒரு சிலந்தியின் மேல் வந்தது. அதுவும் என் பரிசத்தன்று.

பினாங்குப் பாலம் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில் பெண் வீடு. காரிலிருந்து தட்டுகளை இறக்கும்போது, வேலிச் செடியில் இரண்டு இலைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டேன். (பினாங்கில் வளர்ந்தவனுக்கு அர்த்தம் தெரியும்: உள்ளே சண்டைச் சிலந்தி, சின்ன வயதில் நாங்கள் பிடித்து மோதவிடுவது.) மெல்லப் பிரித்தேன். ஆண். கறுப்பு உடம்பில் நீலப் பட்டை, வெயிலில் மயில் கழுத்தாக மின்னியது. புத்தகத்தில் இந்த இனத்துக்குத் தியானியா என்று பெயர். வலை கட்டிக் காத்துக் கிடக்கிற ஜாதி இல்லை, குறிபார்த்துப் பாயும். விரலை நீட்டினேன். ஓடாமல், முன்கால்களை விரித்து என்னை முறைத்தது. (என் மானேஜர் முன்னால் நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.)

விட்டு வர மனசில்லை. தீப்பெட்டியில் துண்டு இலை போட்டுக் குடிவைப்பதுதான் எங்கள் வழக்கம். பூஜைத் தட்டிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, குச்சிகளைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டு, அதைக் குடிவைத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கஸ்தூரி தெரிந்தாள். கல்யாணப் பெண். அவளைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

சூடம் ஏற்ற அவள் அப்பா பெட்டியைத் திறந்தார். ஒரே பாய்ச்சல். அவர் மூக்கில் போய் உட்கார்ந்தது.

"தம்பி, இது என்னா?"

"சிலந்தி, மாமா."

"அது தெரியுதுலா. என் மூக்குல என்னா பண்ணுது?"

என் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். கஸ்தூரியின் சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "சகுனமே சரியில்ல, அண்ணே. பரிசத்த நிறுத்திக்கலாம்."

கஸ்தூரி எழுந்து வந்தாள். அப்பாவின் மூக்கருகே உள்ளங்கையை நீட்டினாள். அது அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாவி ஏறிக்கொண்டது.

"எங்கருந்து எடுத்தீங்க?" என்றாள் என்னிடம்.

"வேலியில."

"யாரக் கேட்டு எடுத்தீங்க? ஒரு வாரமா நான் பாத்துக்கிட்டு இருக்கேன் அத."

அவள் அப்பா மூக்கைத் தடவிக்கொண்டே தன் தம்பியிடம் திரும்பினார். "தட்ட மாத்துங்கடா. இந்த ரெண்டயும் வேற யாரு கட்டிக்குவா?"

கல்யாணமாகி ஆறு வருஷம். புதிதாக யார் வந்தாலும் மாமனார் என்னை, "இவருதான் நம்ம மருமகன்" என்று பெருமையாகத்தான் அறிமுகப்படுத்துவார்.

கஸ்தூரி அடுப்படியிலிருந்தே சேர்த்துவிடுவாள்: "எங்க வீட்டு வேலியில திருடுனவரு."