கதவில்லாத பஸ்ஸும் ரெண்டு விசிலும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு தோட்டத்துல காதுகுத்து. அங்க அம்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய் இறக்கணும்.

சமைக்கச் சொல்லலை. சுமக்கக்கூடச் சொல்லலை. கூடப் போகணும், அம்புட்டுதான்.

சாப்பாடு போற வண்டியைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். ஒரு பள்ளிக்கூடம் கழிச்சுக் கட்டின சின்ன பஸ் அது. என் பொண்டாட்டி ஸ்டெல்லாவுக்குச் சமையல் கைவந்த கலை. திண்டுக்கல்ல கடை போட்டா வாடகை கட்டி மாளாது, அதனால கடையையே சக்கரத்துல வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். பஸ்ஸை நடமாடும் சமையல்கட்டா மாத்துற பொறுப்பை நானே எடுத்துக்கிட்டேன்.

நான் வச்சிருக்கிறது ஜெராக்ஸ் கடை. இருந்தாலும் நிறைய வீடியோ பார்த்திருந்தேன்.

சீட்டையெல்லாம் கழட்டினேன். வீட்டுல சும்மா கிடந்த பழைய மரக்கதவை அறுத்து நீளமா ஒரு சமையல் மேடை அடிச்சேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய பீரோவை நிறுத்தி, மளிகைச் சாமான் வைக்க இடம் பண்ணினேன். மேடை அவ்வளவு அழகா வந்துச்சு. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து கேட்டா.

"எல்லாம் சரி. எப்படி ஏறுறது?"

அப்பதான் பார்த்தேன். பஸ்ஸோட படிக்கட்டை மறைச்சு மேடையை அடிச்சிருக்கேன். வெறும் ஆணியில்லை, பசையும் போட்டு ஒட்டியிருக்கேன். கழட்டினா மேடை ரெண்டா போயிரும்.

அன்னையில இருந்து டிரைவர் அவர் பக்கத்துக் கதவு வழியா ஏறுவார். மத்தவங்களுக்குப் பின்னாடி இருக்கிற அவசர வழி. எங்களுக்கு எப்பவுமே அவசரம்தான்.

டிரைவர் வேற யாரும் இல்லை, என் மாமனார் சூசை மாமா. காலமெல்லாம் லைன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது மந்தம். பீரோவுக்குப் பின்னாடி நின்னு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. ஆனா விசில் சத்தம் மட்டும் கணீர்னு கேட்கும். அதனால ஒரு விசில் வாங்கி என் கழுத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு விசில் அடிச்சா நிறுத்துவார். ரெண்டு அடிச்சா எடுப்பார். எங்க போறோம்னு கேட்கவே மாட்டார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சதும் நான்தான்னு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமைதான் முதல் ஆர்டர். ஸ்டெல்லா வெள்ளனவே ஸ்கூட்டர்ல தோட்டத்துக்குக் கிளம்பிட்டா. போறப்ப மூணு விஷயம் சொன்னா.

"சோறு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் கட்டி வச்சிருக்கேன். தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு மட்டும் குக்கர்ல இருக்கு. அதை நான் அங்க வந்து வேகவச்சுக்கிறேன், நீங்க தொடாதீங்க. வாழை இலையை மறந்துராதீங்க. அப்புறம், இன்னைக்கு இது ஒழுங்கா நடக்கலைன்னா இந்த வண்டியைக் காயலாங்கடைக்குப் போட்டுருவேன்."

விளையாட்டுக்குச் சொல்லலை. காயலாங்கடைக்காரர் ஏற்கனவே வந்து டயரைத் தட்டிப் பார்த்துட்டுப் போயிருந்தார். கோணலோ மாணலோ, என் கையால செஞ்ச வண்டி.

ரெட்டியார்சத்திரம் வந்ததும் ஞாபகம் வந்துச்சு. இலை.

ஒரு விசில் குடுத்தேன். மாமா ஓரமா நிறுத்தினார். இறங்குறப்ப குக்கர் கண்ணுல பட்டுச்சு. இலை வாங்குற செத்த நேரத்துல கிழங்கு வெந்துட்டா ஸ்டெல்லாவுக்கு ஒரு வேலை மிச்சமாகுமேன்னு தோணுச்சு. அடுப்பைச் சுத்திக் கம்பி அடிச்சு குக்கர் நகராமத்தான் வச்சிருந்தேன். பத்த வச்சுட்டு, பின் கதவைச் சாத்திட்டு இறங்கினேன்.

அது எங்களுக்குக் கல்யாணச் சீரா வந்த பெரிய குக்கர். ஒழுங்கா விசில் அடிக்கிற பழக்கமே அதுக்குக் கிடையாது. சில நேரம் ஒண்ணு அடிக்கும், சில நேரம் ரெண்டு சேர்ந்தாப்ல அடிக்கும்.

இலைக்கட்டைத் தோள்ல தூக்கி வச்சேன். ரோட்டுப் பக்கம் இருந்து சத்தம் கேட்டுச்சு.

உய்ய்... உய்ய்.

ரைட்டு. மாமா வண்டியை எடுத்துட்டார்.

"மாமா!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். ரோட்டுல நின்ன அம்புட்டுப் பேரும் திரும்பினாங்க, மாமாவைத் தவிர. அவருக்குப் போன் போட்டேன். என் சட்டைப் பையிலயே அடிச்சது. பத்திரமா இருக்கட்டும்னு காலையில என்கிட்டதான் குடுத்திருந்தார்.

பின்னாடியே ஒரு லைன் பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். கண்டக்டர் என்னையும் இலைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க போகணும்?"

"முன்னாடி போற பஸ்ஸுக்கு."

"அது அந்த ஸ்டாப் இல்லையே?"

அப்ப ஸ்டெல்லா போன் பண்ணினா. "எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம்"னு சொன்னேன். பொய் இல்லை. சாப்பாடும் வந்துட்டுத்தான் இருந்துச்சு, நானும் வந்துட்டுத்தான் இருந்தேன். தனித்தனியா.

அடுத்த ஊர் வர்றப்ப எங்க வண்டி தெரிஞ்சுச்சு. ஸ்டாப்புல அழகா நிக்குது. குக்கர் ஒத்தை விசில் அடிச்சிருக்கு, மாமா நிறுத்தியிருக்கார். அதைச் சுத்தி ஒரு கூட்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கலை. மறுபடி கிளம்பிடக் கூடாதேன்னு ஜன்னல் வழியா தலையை நீட்டி, கழுத்துல கிடந்த விசிலை எடுத்து ஓங்கி ஒண்ணு அடிச்சேன்.

நான் ஏறியிருந்த பஸ் சடார்னு நின்னுச்சு.

"எவன்யா விசில் அடிச்சது?" கண்டக்டர் பாய்ஞ்சு வந்தார். என் வாயில விசில் அப்படியே இருந்துச்சு.

"நான் கண்டக்டரா, நீ கண்டக்டரா?"

"அந்த வண்டிக்கு அடிச்சேன் சார்."

"அந்த வண்டிக்கு அடிக்கணும்னா அந்த வண்டியில போ. இறங்கு."

நான் இறங்கவும், தூரத்துல உய்ய் உய்ய்னு ரெண்டு விசில் கேட்கவும் சரியா இருந்துச்சு.

ஸ்டாப்பு வரைக்கும் ஓடினேன். பூக்கூடையோட நின்ன ஒரு அக்கா என்னைப் பார்த்து ஆத்தாமையாச் சொன்னாங்க.

"ஏப்பா, இப்ப ஒரு மினி பஸ் வந்து நின்னுச்சு. ஏறலாம்னு முன்னாடி போனா கதவு இல்லை. அந்தப் பக்கம் போனா டிரைவர் கதவுதான் இருக்கு. பின்னாடி சுத்தி வர்றதுக்குள்ள விசில் குடுத்துட்டான். எந்தக் கூறுகெட்டவன் செஞ்ச வண்டியோ!"

"ஆமாக்கா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன்.

அந்த வழியா ஒருத்தர் மொபட்டுல வந்தார். கையைக் காட்டினேன். நிறுத்தினார்.

"ஏனுங்க, எலையத் தூக்கிட்டு இந்த வெயில்ல எங்க போறீங்க?"

"ஒரு வண்டியத் தேடிப் போறேங்க."

"நானும் வண்டி தேடித்தானுங்க வந்தேன். எங்க தோட்டத்துல காதுகுத்துங்க. நான்தான் தாய்மாமன். பந்திக்கு நேரமாச்சு, சோத்து வண்டி இன்னும் வல்லீங்க."

நான் யாருன்னு சொன்னா இறக்கி விட்டுருவாரோன்னு பயம். பின்னாடி ஏறி உட்கார்ந்து, இலைக்கட்டை மடியில வச்சு முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

"இந்த மாதிரி ஆளுகளை நம்பி ஆர்டர் குடுக்கக் கூடாதுங்க"ன்னு அவர் சொன்னார்.

"கூடவே கூடாதுங்க"ன்னு நானும் சொன்னேன்.

தோட்டத்துக்குத் திரும்புற முக்குல டீக்கடை இருந்துச்சு. அங்க விசாரிச்சோம். "மஞ்ச பஸ்ஸுங்களா? நிக்கவே இல்லீங்க. நேரா ஒட்டன்சத்திரம் பக்கம் போயிருச்சு"ன்னார் கடைக்காரர்.

அதுவரைக்கும் ஊருக்கு ஊர் நின்ன வண்டி, நிக்க வேண்டிய இடத்துல மட்டும் ஏன் நிக்கலைன்னு எனக்குப் புரியலை. சோத்து வண்டியும் அங்கதான் போயிருக்கும்னு தாய்மாமன் மொபட்டை அந்தப் பக்கமே விட்டார்.

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல போய்ப் பார்த்தா, வரிசையா நின்ன பஸ்ஸுகளுக்கு நடுவுல எங்க வண்டியும் ஒரு இடம் பிடிச்சு ஒழுங்கா நிக்குது. மாமா பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"என்ன மாப்ளே, பின்னாடி காணோமேன்னு பார்த்தேன். அதுக்குள்ள எங்க எறங்குனீங்க?"

அவர் காதுக்கிட்ட போய்க் கத்தினேன். "தோட்டத்துல ஏன் மாமா நிறுத்தல?"

"நீங்க விசிலே குடுக்கலையே மாப்ளே. அதுவரைக்கும் ஊருக்கு ஊர் குடுத்துட்டு வந்தீங்க. அப்புறம் சத்தத்தையே காணோம். சரி, கடைசி ஸ்டாப்புக்குத்தான் போலன்னு வந்துட்டேன்."

உள்ள ஏறிப் பார்த்தேன். கேஸ் தீர்ந்துபோயிருந்துச்சு. சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு பார்க்காம ஏத்தினதும் நான்தான். சாம்பாரும் பாயசமும் கட்டின கட்டு அப்படியே இருக்க, குக்கரை மட்டும் திறந்தேன். உருளைக்கிழங்கு இல்லை. அது இருந்த இடத்துல களி மாதிரி ஏதோ ஒண்ணு இருந்துச்சு.

மொபட்டுக்காரர் என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தார். சாம்பார் வாசனை அடிச்சது. என்னைப் பார்த்தார். இலைக்கட்டைப் பார்த்தார்.

"அது நீங்கதானுங்களா?"

"நான்தானுங்க."

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப குழந்தை காதுகுத்தின அழுகையை முடிச்சுட்டு, பசிக்கு அழ ஆரம்பிச்சிருந்துச்சு. ஸ்டெல்லா குக்கரைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் அங்க இருந்த விறகடுப்புல வாணலியை ஏத்தி, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளிச்சு, களியை அதுல கொட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இறக்கினா.

பந்தியில எல்லாரும் அதைத்தான் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கினாங்க. குழந்தையோட பாட்டி ஸ்டெல்லாகிட்ட வந்தாங்க.

"ஏன் கண்ணு, கெழங்கு வெண்ணெயாட்டம் இருக்குதே. எப்படி வேகவச்சே?"

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தா. "ஒட்டன்சத்திரம் வரைக்கும் கூட்டிட்டுப் போய் வேகவச்சதுங்க."

அடுத்த மாசம் அவங்க வீட்டு வளைகாப்புக்கும் எங்களையே வரச் சொல்லிட்டாங்க. வண்டி பிழைச்சுது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, தாளிச்ச புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

திரும்பி வர்றப்ப ஸ்டெல்லா பின் கதவு வழியா ஏறி உட்கார்ந்து தீர்ப்பு சொன்னா. "நாளைக்கே மேடையை அறுத்து வாசலைத் திறந்து விடுங்க. அப்புறம் அந்த விசிலைக் கழட்டி என்கிட்ட குடுங்க."

குடுத்துட்டேன். இப்ப அது அவ கழுத்துலதான் கிடக்கு, வீட்டுலயும் கழட்டுறதில்லை.

நேத்து சாயந்திரம் கால் நீட்டிப் போன் பார்த்துட்டு இருந்தேன். சமையல்கட்டுல இருந்து ரெண்டு விசில் கேட்டுச்சு.

குக்கரா, ஸ்டெல்லாவான்னு தெரியலை. எதுக்கும் இருக்கட்டும்னு சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய கிளம்பிட்டேன்.