ஏலத்துக்கு வந்த ஹார்ட்வின்

"அன்புள்ள ஹார்ட்வின் எஸ்டேட் அவர்களுக்கு" என்று அந்த மின்னஞ்சல் தொடங்கியிருந்தது.

ஜெயரூபன் சேர் அதை மூன்று தடவை வாசித்தார். பதினொரு வருடங்களாக அந்த இணைய ஏலத் தளத்தில் அவர் பெயர் பி. ஜெயரூபன். நேற்று இரவு படுக்கும்போதும் அதுதான். இன்று விடிந்ததும் அவர் ஒரு தேயிலைத் தோட்டமாகிவிட்டிருந்தார்.

"விஜி, இங்க பாரு. என்னயத் தோட்டம்ங்கிறான்."

அடுப்படியிலிருந்து மனைவி விஜயலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "எந்தத் தோட்டம்?"

"நம்ம தோட்டந்தான்."

"அப்ப பரவால்ல. வேற தோட்டம்னா சாமான் சட்டியெல்லாம் கட்டணும்."

மடுல்சீமைக்கு மேலே, ஹார்ட்வின் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் கணித ஆசிரியர், எல்லோருக்கும் 'சேர்'. இருப்பது தோட்டத்துக் குவார்ட்டர்ஸில். இருபத்திரண்டு வருடங்களாக அவர் சேர்ப்பது பழைய கடித உறைகள். அதுவும் எல்லா உறைகளும் அல்ல. ஊவா மாகாணத்தின் தோட்டப்புறத் தபாலகங்கள் ஒவ்வொன்றின் பழைய முத்திரையும் குத்தப்பட்ட உறைகள். ஆல்பத்தில் எல்லாத் தபாலகமும் இருந்தது, அவருடைய சொந்தத் தோட்டத்துத் தபாலகத்தைத் தவிர. வெள்ளைக்காரன் காலத்தில் சில வருடங்கள் மட்டும் ஹார்ட்வினில் ஓர் இரட்டை வட்ட முத்திரை பாவனையில் இருந்தது. அந்த முத்திரை எப்போதோ கொழும்புக்குத் திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது குத்திய உறையைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

இந்த மாத ஏலப் பட்டியலில் அது வந்திருந்தது. விற்பவர் இங்கிலாந்தில் இருந்தார். நாளும் மாதமும் தெளிவாகத் தெரிந்தன; வருடத்தின் மேல் மை இழுபட்டிருந்தது. ஏலம் மாதக் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு முடியும்.

"இதோட முடிஞ்சிரும் விஜி. இது கெடச்சா ஆல்பத்த மூடிருவேன். சத்தியமா" என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் தன் சீட்டுப் பணத்தைத் தர ஒப்புக்கொண்டாள்.

மழைக்குப் பிறகு மடுல்சீமை ரோட்டில் குழிகள் இடம் மாறுவதுபோல அந்தத் தளத்தில் விதிகள் மாறும். நேற்றுவரை நடந்த இடத்தில் இன்று கால் வைத்தால் முழங்கால் அளவு தண்ணீர். ஏலம் கேட்பவர்களின் பெயர்களை முதலில் மறைத்தார்கள். இப்போது புதிதாக ஒன்று: முகவரியை நிரூபிக்க மின்சாரக் கட்டணப் பட்டியல் அனுப்ப வேண்டும். குவார்ட்டர்ஸ் மின்சாரப் பட்டியல் தோட்டத்தின் பெயரில்தான் வரும். அவர் அதைத்தான் அனுப்பினார். பட்டியலில் இருந்த பெயரை அவர்களுடைய கணினி அவருக்குச் சூட்டிவிட்டது.

'நான் தோட்டம் அல்ல, மனிதன்' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. நிறுவனங்களை வரவேற்பதில் தளம் மகிழ்ச்சி அடைகிறதாம். என்ன தொழில், எத்தனை ஊழியர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பதுளைக் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீனுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார். அவரும் முத்திரை சேர்ப்பவர், பழைய கூட்டாளி; சேருக்கு அவர் 'நானா', அண்ணன் மாதிரி.

"கேக்கிறதக் குடுத்துடுங்க மாஸ்டர்" என்றார் ஸஹாப்தீன். "மொதல்ல உள்ளுக்குப் போகணும். போன பொறகு நீங்க மனுசனா தோட்டமான்னு பேசிக்கலாம்."

ஜெயரூபன் சேர் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். தொழில்: தேயிலை. ஊழியர்கள்: அறுநூற்று நாற்பது. அனுப்பிய கையோடு அடுத்த விதி வந்து நின்றது. நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஓர் இரகசிய எண் தபாலில் வரும். அதைப் பதிந்தால்தான் ஏலத்தில் கலந்துகொள்ளலாம்.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் வீடு தேடி வருவதில்லை. தப்பால்காரர் முருகையா கீழே ஹார்ட்வின் தபாலகத்துக்கு இறங்கிப் போய்ப் பையை எடுத்துவந்து தோட்டத்து ஆபீஸில் வைப்பார். அங்கே கிளாக்கர் பிரித்துப் போடுவார். இரண்டு கிழமை கழித்து வந்த அந்தக் கடிதம் 'பணிப்பாளர், ஹார்ட்வின் எஸ்டேட்' என்று இருந்தபடியால், கிளாக்கர் அதைக் கிழித்து வாசித்தார். 'எதிர்வரும் இருபத்தெட்டாம் திகதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முடிவடையும் ஏலத்தில் ஹார்ட்வின் எஸ்டேட்' என்பதற்கு மேல் அவருக்கு வாசிப்பு ஓடவில்லை. பக்கத்தில் நின்ற முருகையாவுக்கு அதில் பாதி போதுமாக இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் வாசித்தபோது ஒருவரும் கூடையைத் தொடவில்லை. ஏழு மணிக்கு ஜெயரூபன் சேர் குவார்ட்டர்ஸ் வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். முன்னால் தோட்டக் கமிட்டித் தலைவர் தம்பையா.

"சேர், தோட்டத்த ஏலம் போடுறாங்களாம்" என்றார் தம்பையா.

சேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"ஆபீசுக்குக் காயிதம் வந்திருக்கு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்காம். நீங்க படிச்சவரு, இங்கிலீஸ் தெரியும். எங்களோட வந்து தொரைகிட்ட நியாயம் கேக்கணும்."

ஞாயிறு, நான்கு மணி. அது தன்னுடைய ஏலம் என்று சேருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் கொழுந்து எடுக்கும் பெரியாயி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க லயத்து வீட்டையும் சேத்தா ஏலம் போடுறான்? ஆளுங்களையும் சேத்தாங்கிறதக் கேட்டுச் சொல்லுங்க சேர்."

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தன்னை எதிர்த்துத் தானே நடத்தும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி அவர் ஆபீஸுக்கு நடந்தார்.

தோட்டத்து மேலாளரான தொரை வெளிறிப்போய் இருந்தார். "கொழும்புக் கம்பெனிக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். அவங்களுக்கும் தெரியாதாம்" என்றார். "தெரியாதுன்னு சொன்ன விதத்தப் பாத்தா, எனக்கே பயமா இருக்கு."

"அவங்களுக்குத் தெரியாம யாரு விக்கிறா?" என்றார் தம்பையா.

"அதத்தான் அவங்க என்கிட்ட கேக்குறாங்க."

ஜெயரூபன் சேர் தொண்டையைச் செருமினார். "அந்த ஹார்ட்வின் எஸ்டேட்..." என்றார். "அது நாந்தான்."

அவர் மின்சாரப் பட்டியலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தம்பையா ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அப்ப தோட்டத்த விக்கல."

"இல்ல."

"நீங்க ஒரு உறை வாங்கப் போறீங்க."

"ஆமா."

"உள்ளுக்குக் காயிதம் இருக்கா?"

"இல்ல. காலி உறைதான்."

"அப்ப அதுல என்னாதான் சேர் இருக்கு?"

"நம்ம போஸ்டாபீஸ் முத்திரை."

தம்பையா வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். "இன்னிக்கு எங்களுக்கு அரைப்பேருதான் விழும், அரைநாள் சம்பளம் சேர்" என்றார் அமைதியாக. "ஒரு காலி உறைக்கு."

பெரியாயி மட்டும் சிரித்தாள். "போகுது விடுங்க. எதுக்கும் தோட்டத்த நம்ம சேரே வாங்கட்டும். நல்ல தொரையாத்தான் இருப்பாரு."

தொரை அன்றைக்கே தோட்டத்தின் பெயர் அச்சிட்ட கடதாசியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'பி. ஜெயரூபன் எமது குவார்ட்டர்ஸில் வசிக்கும் ஒரு மனிதர் என்றும், அவர் தோட்டம் அல்ல என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' எழுதி முடித்துவிட்டு, தன் பதினெட்டு வருட சேவையில் இப்படியொரு கடிதம் எழுதவில்லை என்றார்.

கடிதத்தைத் தளம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மனிதனானால் முகம் வேண்டுமாம். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். விஜயலெட்சுமி எடுத்தாள். 'படத்தில் இருவர் இருக்கிறார்கள்' என்று திரும்பி வந்தது. இருவரும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். பின்சுவரில், சேரின் தோளுக்கு மேலே, முருகன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்டயும் ஐ.சி. கேப்பான்" என்றாள் விஜயலெட்சுமி. "தள்ளி நில்லுங்க."

இந்த இழுபறியில் சனிக்கிழமையும் வந்துவிட்டது. அனுமதி வருமோ வராதோ என்ற பயத்தில் சேர் மறுபடி ஸஹாப்தீனைப் பிடித்தார். பதுளைக் கடைக்குத் தெரு இலக்கம் உண்டு; அவர் கணக்கில் தளத்துக்குச் சந்தேகமே இல்லை.

"எனக்காக நீங்க கேளுங்க நானா. எவ்வளவு போனாலும் விடாதீங்க. இருபத்திரண்டு வருசம்."

"நீங்க கவலப்படாதீங்க மாஸ்டர். கடய அடமானம் வெச்சாலும் விடமாட்டன்."

ஞாயிறு மூன்றரைக்கு அனுமதி வந்துவிட்டது. அப்போதிருந்து, அவர் கேட்கிறாரா என்று அறிய, சேர் ஸஹாப்தீனுக்குக் கோல் எடுத்துக்கொண்டேயிருந்தார். மலையில் கவரேஜ் இல்லை; இணையம் மட்டும் நூல் பிடித்ததுபோல ஓடியது. வேறு வழியின்றித் தானே கேட்கத் தொடங்கினார். கேட்ட மாத்திரத்தில் யாரோ அதற்கு மேல் கேட்டார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரங்கள். சேர் ஏற்றினார். நட்சத்திரங்களும் ஏற்றின. மூன்றே முக்காலுக்கு விலை சீட்டுப் பணத்தைத் தாண்டியது. விஜயலெட்சுமி உள்ளே போய்க் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். கையில் தோடு இருந்தது. நான்கு மணிக்கு உறை சேருக்கு விழுந்தது.

நாலேகாலுக்குக் கவரேஜ் வந்தது. ஸஹாப்தீன் அழாக்குறையாக இருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர். ஒரு படுபாவி கடைசி நிமிசம் வரைக்கும் விடல்ல. கடைசியா நான்தான் கையத் தூக்கிட்டன்."

சேர் மெதுவாக உட்கார்ந்தார். "நம்ம ரெண்டு பேரத் தவிர வேற யாராச்சும் கேட்டாங்களா நானா?"

"அப்ப அந்தப் படுபாவி நீங்களா மாஸ்டர்?" என்றார் ஸஹாப்தீன்.

மூன்று கிழமை கழித்துப் பார்சல் வந்திருப்பதாக முருகையா சொன்னார். அதை அவர் பையில் போட்டுக்கொண்டு வர சேர் விடவில்லை. விஜயலெட்சுமியைக் கூட்டிக்கொண்டு தானே தபாலகத்துக்கு இறங்கிப் போனார். அவள் காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குக்குச்சி இருந்தது.

புதிதாக வந்து ஒன்றரை வருடமான போஸ்ட்மாஸ்டர், இளம் பெண் தனுஜா, கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுத்தாள். சேருக்குப் பொறுக்கவில்லை. கவுண்டரிலேயே பிரித்தார். கண்ணாடித்தாளுக்குள் மங்கிய உறை; அதில் இரட்டை வட்டம், நடுவில் ஹார்ட்வின். அவர் கண் நிறைந்துவிட்டது. விஜயலெட்சுமிகூட ஒரு கணம் ஈர்க்குக்குச்சியை மறந்து குனிந்து பார்த்தாள்.

"பாருங்க பிள்ள" என்றார் சேர், உறையைக் கம்பிக்குள்ளால் நீட்டி. "உலகத்துலயே இது ஒண்ணுதான்."

தனுஜா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

"இது நம்ம பழைய சீலுதான் சேர், போன வருசம் அலுமாரி துப்புரவாக்கையில ஆப்டுச்சு, டூர் வந்த வெள்ளக்காரரு ஒருத்தரு பழைய உறை ஒரு பத்துக் கொண்டாந்து ஞாபகத்துக்குக் குத்தித் தாங்கன்னாரு, குத்திக் குடுத்தேன் — உங்களுக்கும் வேணும்னா வெறும் உறை ஒண்ணு கொண்டாங்க, இப்பவே குத்தித் தாறேன்."