துஸ்யா கண்ணாடி பார்த்த விவரம்

மாஸ்கோ

சரத்தோவில் குடியிருக்கும் பெருமதிப்பிற்குரிய அக்கா கபிதோலினாவுக்குத் தங்கை ரிம்மா பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். காளான் ஊறுகாய் வந்து சேர்ந்தது, ஜாடிதான் சேரவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் வளர்த்த குரங்கு துஸ்யாவை விண்வெளிக்கு அனுப்பப் போகிறார்கள், திரும்பி வருவாளோ மாட்டாளோ என்று போன கடிதத்தில் அழுதேனே, அவள் போகவில்லை அக்கா. எடையற்ற இடத்தில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்க ராக்கெட் நம்முடையது, கருவி அமெரிக்காவுடையது, கூடப் போகிற எலிகள் செக்கோஸ்லோவாக்கியாவுடையவை என்று பல நாடுகள் கைகோத்த காரியம். ஏவுதளத்துக்குப் பறக்க விமான நிலையத்துக்குக் கிளம்பி வண்டி வாசலைத் தாண்டிய பிறகு, அமெரிக்க டாக்டர் ஹோல்ட் கருவியின் கம்பியை மேஜையிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். திரும்பி வந்து எடுத்தோம். டிரைவர் யெஃபீம் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றுவிட்டான். "கெளம்பிட்டுத் திரும்பி வந்தா கண்ணாடியில மொகம் பாத்துட்டுத்தான் போகணும், டாக்டரம்மா. இல்லேன்னா போற காரியம் வெளங்காது." விஞ்ஞானக் கூடத்தில் இதெல்லாமா என்று நான் கேட்கவில்லை, நானும் நம் அம்மா வயிற்றில் பிறந்தவள்தானே. நான் பார்த்தேன். ஹோல்ட்டும் தலையைக் கோதிக்கொண்டு பார்த்தார். "அவ பாக்கலியே? பயணமே அவளோடதுதானே?" என்றான் யெஃபீம். நியாயம்தானே என்று என் கைக்கண்ணாடியைக் கூண்டுக்குள் நீட்டினேன். தொடுகிற தூரத்தில் இன்னொரு குரங்கைப் பார்த்து எத்தனை காலமாயிற்றோ, துஸ்யா அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திரும்ப வாங்கிய பிறகு பழச்சாறு குடிக்கவில்லை, தூங்கவில்லை, இதயம் தாறுமாறாக அடித்தது. ஏவுதளத்தில் லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டு, மாற்றாக வைத்திருந்த குரங்கை ஏற்றினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்தக் குரங்கை வளர்த்தவளை அப்போது நினைக்கத் தோன்றவில்லை.

பிறகு விசாரணைக் குழு கூடியது. "ஒங்க மூடநம்பிக்கைக்கு நாங்க ராக்கெட் விடணுமா?" என்றார் தலைவர். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஹோல்ட் எழுந்து நின்றார். "கம்பிய மறந்தது நான். டாக்டர் ரிம்மா மேல தப்பில்ல. எங்க ஊர்லயும் வேர்க்கடல கொறிக்காம ராக்கெட் விடமாட்டோம்" என்றார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளே எனக்காக வெகுநேரம் வாதாடினாராம். முடிவு இன்னும் வரவில்லை. வேலை போனாலும் போகட்டும், துஸ்யா என் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருக்கிறாள், எனக்கு அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டு அடுப்பு குளிர்காலம் முழுக்க அணையாமல் எரியட்டும்.

அன்புத் தங்கை,
ரிம்மா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. என் வேலை தப்பித்தது. என்னைக் காப்பாற்ற ஹோல்ட் உள்ளே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: துஸ்யாவின் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, இவ்வளவு திடமான குரங்கை இவ்வளவு நன்றாக வளர்த்தவர் வேறு யாருமில்லை என்று. எல்லோரும் கைதட்டினார்களாம். அடுத்த ராக்கெட்டில் முதல் பெயர் துஸ்யாவுடையது. நல்ல மனிதர் அக்கா. அவரை எப்படித் திட்டுவதென்றே தெரியவில்லை.